சாணக் குவியலுக்கு எத்தனை டிகிரி காய்ச்சல் வேண்டும்?

மழை ஓய்ந்த காலை நேரத்தில் ஜாசின், அலோர்காஜா வட்டாரத் தோட்டப்புறங்களில் மாடு வளர்ப்பவர்களின் கொட்டகைப் பக்கம் போனால் இரண்டு விதமான சாணக் குவியல்களைக் காணலாம். ஒன்றைக் கிளறினால் ஆவி குப்பென்று கிளம்பும். உள்ளே கையை விட முடியாது. மற்றொன்று எத்தனை மாதம் கிடந்தாலும் சொதசொதவென்று சில்லென்றே இருக்கும். அதைக் கிளறினால் ஆவிக்குப் பதிலாக நாற்றம்தான் வரும்.

முதல் குவியலுக்குச் சொந்தக்காரர், "எரு நல்லா வெந்து போச்சு" என்று மறுநாளே சாக்கில் கட்டிவிடுகிறார். இரண்டாமவர், "ஆறு மாசம் ஆச்சே, மக்காம எங்கே போகும்?" என்று அப்படியே அள்ளிக் கொடுக்கிறார். இருவரும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். இருவருமே நம்பித்தான் விற்கிறார்கள். ஆனால் முதல் சாக்கில் உள்ள எரு கத்தரிக்காய்ச் செடியின் வேரைச் சுட்டுவிடக் கூடும். இரண்டாவது சாக்கிலோ களை விதையும் குடல் நோய்க் கிருமியும் உயிரோடு வீடு வந்து சேரும். அந்த எருவைத்தான் தாமான் வீடுகளில் பூந்தொட்டிக்கும், லயத்து வீட்டுப் பின்புறத்தில் வெண்டைக்கும், பள்ளித் தோட்டத்தில் பிள்ளைகள் கையால் கீரைப் பாத்திக்கும் போடுகிறோம்.

இந்த வாரத் தொலைக்காட்சி உரையரங்கில் எடுத்துக்கொண்ட பொருள் அதுதான். கால்நடை எரு எப்போது பக்குவம் அடைகிறது? அதில் வெப்பத்தின் வேலை என்ன?

வெயில் வேக வைப்பதில்லை

"மலாக்கா வெயிலே போதாதா? தனியாகச் சூடு வேறு வேண்டுமா?" என்பது பலரின் கேள்வி. போதாது. மலாக்காவின் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 27 டிகிரி செல்சியஸ். நண்பகல் வெயிலில் 32, 33 டிகிரி போகலாம். எரு வேக வேண்டிய சூடு 55 டிகிரி. நல்ல நிழலில், கூரைக்கு அடியில் இருக்கும் குவியலும் அந்தச் சூட்டுக்குப் போகும். ஏனென்றால் அது குவியலுக்கு உள்ளேயே பிறக்கும் சூடு.

கல்யாண மண்டபத்தில் ஆயிரம் பேர் கூடினால் மின்விசிறி சுழன்றாலும் புழுங்குகிறது அல்லவா? சாணத்திலும் வைக்கோலிலும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் கூடி, அதில் உள்ள கரிமத்தைத் தின்று, காற்றில் உள்ள உயிர்வளியைச் சுவாசிக்கின்றன. அப்படித் தின்று செரிக்கும்போது வெளியாகும் வெப்பம் வெளியே போக வழியில்லாமல் குவியலின் நடுவில் தேங்குகிறது. முற்காலத்தில் பாரிஸ் நகரக் காய்கறி விவசாயிகள், குளிர்காலத்தில் குதிரைச் சாணத்தை மண்ணுக்கு அடியில் பரப்பி, அந்தச் சூட்டில் கீரை வளர்த்துச் சந்தைக்கு அனுப்பியிருக்கிறார்கள். பனி பெய்யும் ஊரிலேயே சாணம் அப்படிக் கொதிக்கும் என்றால், நம் ஊரில் கொதிக்காமல் கிடப்பதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

குவியலைச் சரியாகக் கட்டினால் முதல் இரண்டு மூன்று நாளில் சூடு 40 டிகிரியைத் தாண்டும். இதுவரை வேலை செய்தவை சாதாரண நுண்ணுயிர்கள். 45 டிகிரிக்கு மேல் அவற்றால் தாக்குப்பிடிக்க முடியாது. அவை உண்டாக்கிய சூடே அவற்றை விரட்டிவிடுகிறது. பிறகு வெப்பத்தை விரும்பும் வேறொரு கூட்டம் வந்து குவியலை 55, 60 என்று ஏற்றிவிடும். அது 70 டிகிரிக்குப் போய்விட்டால் இந்தக் கூட்டமும் பெரும்பாலும் மடிந்து, குவியல் தானே அடங்கிப்போகும். இடைப்பட்ட அந்த 55 முதல் 65 டிகிரி வரைதான் நமக்கு வேண்டிய காய்ச்சல்.

இந்தூரில் எடுத்த அளவு

சாணக் குவியலுக்குள் வெப்பமானி விட்டு நாள்தோறும் அளவு எடுத்தவர்களில் குறிப்பிடத்தக்கவர் ஆல்பர்ட் ஹாவர்ட். ஆங்கிலேயரான இவர் 1924 முதல் 1931 வரை மத்திய இந்தியாவின் இந்தூரில் வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தை நடத்தினார். யஷ்வந்த் வாட் என்ற இந்திய அறிவியலாளரோடு சேர்ந்து 1931-இல் ஒரு நூல் எழுதினார். இன்று உலகம் முழுவதும் 'இந்தூர் முறை' என்று வழங்கப்படுவது அந்த நூலில் வந்ததுதான்.

30 அடி நீளம், 14 அடி அகலம், 2 அடி ஆழம் கொண்ட குழிகளில் மாட்டுச் சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய மண், பருத்திக் குச்சி, கரும்புச் சோகை, மரச் சாம்பல் ஆகியவற்றை அடுக்கினார்கள். சூடு விரைவில் 65 டிகிரி வரை ஏறியது. பிறகு மெல்ல மெல்ல இறங்கி, ஏறக்குறைய 90 நாளில் வெளிக்காற்றின் சூட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. இடையில் மூன்று முறை கிளறிப் புரட்டினார்கள். 1930-களில் இம்முறை வங்காளத்தின் டூவார்ஸ் பகுதித் தேயிலைத் தோட்டங்கள் வரைக்கும் போனது.

அந்த 90 நாள் கணக்கை உற்றுப் பார்த்தால் ஒன்று விளங்கும். கடுஞ்சூடு இருந்தது கொஞ்ச நாள்தான். மீதிக் காலம் முழுவதும் சூடு இறங்கிக்கொண்டே இருந்த காலம். ஹாவர்ட் எருவை வெளியே எடுத்தது கொதிக்கும்போது அல்ல, ஆறிய பிறகு.

இதற்கு நேர்மாறான வழியும் உண்டு. 1939-இல் பெங்களூரில் ஆச்சார்யா என்ற அறிவியலாளர் நகரக் குப்பைக்காக ஒரு முறையை வகுத்தார். குழியை நிரப்பி, மேலே சேற்றால் பூசி மூடிவிடுவது. கிளறும் வேலையே இல்லை. ஆனால் காற்று போகாததால் சூடு அவ்வளவாக ஏறாது. மக்குவதற்கு ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். ஆள் பற்றாக்குறை உள்ளவர்களுக்கு அது வசதி. மழைநீர் குழியில் தேங்கும் மலாக்காவின் தாழ்ந்த நிலங்களுக்கு அது ஒத்துவருமா என்பதை அவரவர் இடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சில்லென்று கிடக்கும் குவியல்

தோட்டப்புறத்தில் மாடு வளர்ப்பது இன்று நேற்று வந்த பழக்கம் அன்று. தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்களோடு மாடுகளும் வந்தன. அவற்றின் வழிவந்த கலப்பு மாடுகளைக் கால்நடை இலாகாவின் ஏடுகளிலேயே 'உள்ளூர் இந்தியக் கறவை மாடு' என்று தனி இனமாகக் குறித்திருக்கிறார்கள். பால்மரக் காட்டில் மாடு மேய்த்து, விடியற்காலையில் பால் ஊற்றி, அந்தக் காசில் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் மலாக்காவில் எத்தனையோ. அந்தக் குடும்பங்களில் சாணத்தை எப்படிச் சேர்த்தார்கள்? காலையில் கொட்டகையைக் கழுவி, இரண்டு கூடைச் சாணத்தைப் பின்புறத்தில் கொட்டுவது. மறுநாள் இன்னும் இரண்டு கூடை.

குவியல் சூடேறாததற்கு முதல் காரணம் இந்தப் பழக்கம்தான். தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால், தினமும் பிறக்கும் கொஞ்சச் சூடு தினமும் காற்றோடு போய்விடும். ஒரே நேரத்தில் குறைந்தது ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் சேர்ந்தால்தான் நடுப்பகுதி சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உள்ளூர் மாடு ஒன்று நாளொன்றுக்கு 10, 12 கிலோ சாணம் போடும் என்று வைத்துக்கொண்டால், நான்கு மாடு உள்ளவருக்கு இரண்டு வாரத்தில் 600 கிலோ தேறும். அதை நிழலில் தனியாகச் சேர்த்து வைத்து, காய்ந்த பொருளும் சேர்த்து ஒரே நாளில் அடுக்கினால் அந்த அளவுக் குவியல் கிடைத்துவிடும்.

இரண்டாவது காரணம் ஈரம். புதுச் சாணத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தண்ணீர்தான். குவியலுக்கு வேண்டியது 50 முதல் 60 விழுக்காடு. மீதித் தண்ணீர் காற்று புகும் இடத்தை அடைத்துக்கொள்கிறது. காற்று இல்லாத இடத்தில் வேறு வகை நுண்ணுயிர்கள் வேலை செய்யும். அவை சூட்டைத் தருவதில்லை, நாற்றத்தைத்தான் தரும். ஒரு பிடி அள்ளி இறுகப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் அது அதிக ஈரம். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் நம் பக்கம் சாயங்காலமானால் மழை இறங்கிவிடும். கூரை இல்லாதவர்கள் ஒரு பழைய கேன்வாஸ் துணியாவது போட்டு மூட வேண்டும்.

மூன்றாவது, தனிச் சாணம் போதாது. நுண்ணுயிருக்குக் கரிமம் சோறு, தழைச்சத்து குழம்பு. ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரிமம் இருந்தால் சாப்பாடு சரியாக இறங்கும். மாட்டுச் சாணத்தில் இந்தக் கணக்கு ஏறக்குறைய 20. கோழி எருவில் 10 அளவுதான். மரத்தூளில் சில நூறு. செம்பனை ஆலையில் பழத்தை உதிர்த்த பிறகு மிஞ்சும் வெறுங்குலையில் 50 அளவு. மாட்டுச் சாணம் ஒரு கூடைக்குக் காய்ந்த இலை, நறுக்கிய செம்பனை மட்டை, உதிர்த்த வெறுங்குலை நார் என்று ஏதாவது ஒரு கூடை சேர்த்தால் போதும். மரத்தூள் மட்டும் போடுகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். அது பொடியாக இருப்பதால் நனைந்ததும் களிபோல் அமுங்கிக் காற்றை அடைத்துவிடும். நறுக்கிய மட்டையோடு கலந்து போடுவது நல்லது.

ஆட்டுப் புழுக்கைக்கு வேறொரு குணம். பார்க்க உலர்ந்து மணிமணியாக இருக்கும். மேல்தோல் இறுகிவிட்டால் உள்ளே தண்ணீர் சுலபத்தில் இறங்காது. தட்டி உடைத்து, ஒருநாள் ஈரத்தில் ஊற வைத்துவிட்டுத்தான் குவியலில் சேர்க்க வேண்டும்.

மூக்கைத் துளைக்கும் நெடி

கோழி எருவின் சிக்கல் நேர்மாறானது. அது சூடேறாமல் இருப்பதில்லை, தலைகால் தெரியாமல் சூடேறும். தழைச்சத்து மிகுதி என்பதால் குவியல் விரைவிலேயே 70 டிகிரியைத் தொட்டுவிடும். கண்ணை எரிக்கும் ஒரு நெடி கிளம்பும். அம்மோனியா என்பது அதுதான். சூடு கூடக் கூட, எருவில் இருக்கும் தழைச்சத்து அம்மோனியா வாயுவாக மாறிப் பறந்து போகிறது. கவனிக்காமல் விட்ட குவியலில் தழைச்சத்து பாதி அளவுக்குக்கூடப் போய்விடுவதுண்டு. 2022-இல் உலகெங்கும் யூரியா விலை ஏறிய நேரத்தில் ஒவ்வொரு மூட்டைக்கும் கணக்குப் பார்த்த சிறு விவசாயிகள், தங்கள் கொட்டகையிலிருந்து அதே தழைச்சத்து காற்றில் போவதைக் கணக்கில் வைக்கவில்லை.

கோழி எரு ஒரு கூடைக்குக் காய்ந்த பொருள் இரண்டு மூன்று கூடை போட வேண்டும் என்று சொல்வதற்கு அதுவே காரணம். சூடு 65 டிகிரியைத் தாண்டுகிறது என்றால் குவியலைப் புரட்டி ஆற்ற வேண்டும், அல்லது உயரத்தைக் குறைக்க வேண்டும். மேலே பழைய மக்கிய எருவை ஒரு சாண் கனத்துக்குப் போர்த்தினால் நெடியில் ஒரு பகுதியை அது பிடித்து வைத்துக்கொள்ளும்.

ரொட்டி சானாய் மாதிரிப் புரட்ட வேண்டும்

சரி, 55 டிகிரி வந்துவிட்டது. அதனால் என்ன பயன்? கால்நடைச் சாணத்தில் ஈகோலி, சால்மோனெல்லா போன்ற குடல் நோய்க் கிருமிகள் இருக்க வாய்ப்புண்டு. மாட்டின் வயிற்றில் செரிக்காமல் வந்த புல் விதைகளும் இருக்கும். 55 டிகிரியில் தொடர்ந்து மூன்று நாள் இருந்தால் நோய்க் கிருமிகள் பெரும்பாலும் மடிந்துவிடும். களை விதைகளில் சில கெட்டியானவை. அவற்றுக்கு 60 டிகிரி வேண்டியிருக்கும்.

ஆனால் குவியலின் நடுவில் 60 டிகிரி இருக்கும்போது அதன் ஓரத்தில் 35 டிகிரிதான் இருக்கும். கிருமி எல்லாம் நடுவில் போய் உட்கார்ந்திருக்காது. ரொட்டி சானாயை ஒரே பக்கம் கல்லில் விட்டால் மறுபக்கம் மாவாகவே இருப்பதுபோல், குவியலைப் புரட்டாவிட்டால் ஓரத்துச் சாணம் பச்சையாகவே இருக்கும். அமெரிக்காவில் இயற்கை வேளாண்மைக்கு விதித்திருக்கும் சட்டமே இதை எண்ணால் சொல்கிறது. திறந்தவெளிக் குவியலாக இருந்தால் 55 முதல் 77 டிகிரி சூட்டில் 15 நாள் இருக்க வேண்டும், அதற்குள் குறைந்தது ஐந்து முறை புரட்டியிருக்க வேண்டும். அப்படிச் செய்யாத சாணத்தைப் பச்சைச் சாணம் என்றே அந்தச் சட்டம் கருதுகிறது. மண்ணைத் தொட்டு விளையும் காய்கறி என்றால் அறுவடைக்கு 120 நாளுக்கு முன்பே அதைப் போட்டு முடித்திருக்க வேண்டும். புதினா, கொத்துமல்லி, வெள்ளரி, ஊலாம் இலை என்று பச்சையாகவே உண்ணும் பொருள்கள் நம் சாப்பாட்டில் எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தால் அந்த 120 நாள் கணக்கின் அருமை தெரியும்.

புரட்டுவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. கம்பத்திலும் தாமானிலும் கோழி எருவைப் பற்றி வரும் புகார்களில் முதலாவது ஈ. நம் தட்பவெப்பத்தில் வீட்டு ஈ முட்டையிலிருந்து ஈயாவதற்கு ஏழு முதல் பத்து நாள் போதும். அதன் புழு 50 டிகிரியில் உயிர் வாழாது. அதனால்தான் அது ஈரமான ஓரப் பகுதியிலேயே தங்குகிறது. மூன்று நாளுக்கு ஒரு முறை ஓரத்தை உள்ளே தள்ளிப் புரட்டினால் புழு ஈயாகும் முன்பே வெந்துபோகும். எந்த மருந்தும் அடிக்க வேண்டியதில்லை.

சூடு தணிந்த பிறகு நடப்பது

மூன்று நான்கு வாரத்தில் குவியலைப் புரட்டினாலும் பழையபடி சூடேறாத நிலை வரும். பலரும் இங்கே வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். உண்மையில் முதிர்ச்சி இங்கேதான் தொடங்குகிறது.

கடுஞ்சூட்டில் ஒதுங்கியிருந்த பூஞ்சைகள் இப்போது திரும்பி வருகின்றன. நாரையும் மரத்தன்மை உள்ள பொருளையும் மெல்ல உடைக்கும் வேலை பெரும்பாலும் அவற்றுடையது. அதைவிட முக்கியமானது, அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்கள். அவற்றால் 45 டிகிரிக்கு மேல் வேலை செய்ய முடியாது. சூடாக இருக்கும் எருவில் தழைச்சத்து பெரும்பாலும் அம்மோனியா வடிவத்தில் இருப்பதும், ஆறி முதிர்ந்த எருவில் நைட்ரேட் வடிவத்தில் இருப்பதும் இதனால்தான். அளவுக்கு மீறிய அம்மோனியா இளம் வேருக்கு நஞ்சு. நைட்ரேட் வேர் நேராக உறிஞ்சும் உணவு. ஆய்வுக்கூடங்களில் எரு முதிர்ந்ததா என்று பார்க்க இந்த இரண்டின் அளவையும் ஒப்பிடுவதும் உண்டு.

புது மழை பெய்ததும் மண்ணிலிருந்து ஒரு வாசனை எழுமே, முதிர்ந்த எருவிலும் அதே வாசனை வரும். மண்ணில் அதை உண்டாக்கும் அதே நுண்ணுயிர் இனம்தான் ஆறிய குவியலிலும் பெருகுகிறது. அந்த வாசனை இல்லாமல் புளித்த வாடையோ சாண வாடையோ அடித்தால், எரு கறுப்பாக இருந்தாலும் இன்னும் பிஞ்சு என்று பொருள்.

பிஞ்சு எருவைத் தொட்டியில் போட்டால் என்ன ஆகும்? குவியலில் நின்றுபோன வேலை தொட்டிக்குள் தொடரும். நுண்ணுயிர்கள் வேருக்குப் போக வேண்டிய உயிர்வளியை எடுத்துக்கொள்ளும். மரத்தூள் அதிகமாகக் கலந்த எருவாக இருந்தால் மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். உரம் போட்ட பிறகு செடி மஞ்சளாகிறதே என்று புலம்புகிறவர்களின் வீட்டில் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்.

இந்த ஆறும் காலத்துக்கு இரண்டு மாதமாவது கொடுக்க வேண்டும். ஆக மொத்தம் மூன்று முதல் நான்கு மாதம். மூன்றே வாரத்தில் தயாரான எரு என்று சாக்கில் எழுதி விற்பதைப் பார்த்தால், அது கிருமி நீங்கிய எருவாக இருக்கலாம், முதிர்ந்த எருவாக இருக்க வழியில்லை.

வீட்டிலேயே மூன்று சோதனை

நீளமான வெப்பமானி வாங்க முடிந்தவர்கள் வாங்கிக்கொள்ளலாம். இல்லாதவர்களுக்கு ஒரு இரும்புக் கம்பி போதும். குவியலின் நடுவரை குத்தி, பத்து நிமிடம் விட்டு இழுத்துத் தொட்டுப் பார்க்க வேண்டும். கையில் பிடித்திருக்கவே முடியவில்லை என்றால் 55 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. இளஞ்சூடாகப் பிடிக்க முடிந்தால் அதற்குக் கீழே இறங்கிவிட்டது.

கம்பி ஆறியிருப்பதை மட்டும் நம்பிவிடக் கூடாது. காய்ந்துபோன குவியலும் ஆறித்தான் இருக்கும். அது முதிர்ந்ததால் ஆறவில்லை, தண்ணீர் இல்லாமல் வேலை நின்றுவிட்டது. மழையில் நனைந்தால் மறுபடி கொதிக்கத் தொடங்கும். இந்த ஏமாற்றத்தைக் கண்டுபிடிக்க ஜெர்மனியில் ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். அதற்கு வேண்டியது வெந்நீர் வைக்கும் தெர்மாஸ் குடுவை போன்ற ஒரு பாத்திரம். அதில் ஈரம் சேர்த்த எருவை நிரப்பி, உள்ளே வெப்பமானி வைத்துச் சில நாள் விடுகிறார்கள். வெளிச்சூட்டைவிட 10 டிகிரிக்கு மேல் ஏறாவிட்டால் அது முழுதாக முதிர்ந்த எரு. 40 டிகிரிக்கு மேல் ஏறினால் பச்சை எரு. இடையில் உள்ளவற்றுக்கும் தர வரிசை உண்டு. நம் வீட்டில் பயன்படாமல் கிடக்கும் அகல வாய்த் தெர்மாஸ் ஒன்றில், மூடியை இறுக்காமல், இதே சோதனையைச் செய்யலாம். அறைச் சூடு 28 டிகிரி என்றால் ஒரு வாரத்துக்குள் வெப்பமானி 38-ஐத் தாண்டக் கூடாது. அந்தத் தெர்மாஸைப் பிறகு கஞ்சி எடுத்துப்போகப் பயன்படுத்த வேண்டாம்!

மூன்றாவது சோதனை விதை. பாதி எரு, பாதி மணல் கலந்து ஒரு தட்டிலும், வெறும் தோட்ட மண்ணை இன்னொரு தட்டிலும் நிரப்பி, இரண்டிலும் இருபது இருபது சாவி விதை தூவ வேண்டும். சில நாளில் முளைத்துவிடும். எருத்தட்டில் முளை குறைந்தாலோ, வேர் நுனி பழுப்பாகிக் குட்டையாக இருந்தாலோ இன்னும் ஒரு மாதம் பொறுக்க வேண்டும். பள்ளித் தோட்டம் வைத்திருக்கும் ஆசிரியர்கள் இந்தச் சோதனையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம். அறிவியல் பாடமும் ஆயிற்று, எருவின் தரமும் தெரிந்துவிடும்.

செம்பனைக் காட்டின் கவலை

மாட்டுச் சாணக் குவியலைக் கண்டால் செம்பனைத் தோட்ட நிர்வாகங்கள் முகம் சுளிப்பதற்கு நாற்றம் மட்டும் காரணமல்ல. கும்பாங் பாடாக் என்று மலாயில் சொல்லும் காண்டாமிருக வண்டுதான் பெரிய காரணம். மரத்தின் குருத்தைத் துளைத்துத் தின்னும் வண்டு இது. பிறகு விரியும் மட்டை கத்தரியால் வெட்டியது போலிருக்கும். இளங்கன்றாக இருந்தால் செத்தே போகும். கடலோரத்துத் தென்னைகளுக்கும் இதே எதிரிதான்.

மலாக்காவில் இந்தக் கவலை வளர்ந்ததற்கு ஒரு சரித்திரம் உண்டு. மலாயாவில் வணிக நோக்கோடு ரப்பர் பயிரிட்ட முதல் தோட்டம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங். டான் சாய் யான் 1896-இல் அங்கே நட்டார். பின்னர் புக்கிட் அசகானில் பெரிய அளவில் பயிரிட்டார். அந்தப் பெயர்கள் இன்றும் நம் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் இருக்கின்றன. பிற்காலத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. அப்போதெல்லாம் மறுநடவின்போது பழைய மரங்களை வெட்டி எரித்துவிடுவார்கள். 1989-இல் கோல்டன் ஹோப் நிறுவனம் எரிக்காமல் மறுநடவு செய்யும் முறையைக் கொண்டுவந்தது. பின்னர் திறந்தவெளி எரிப்பைச் சட்டமும் தடுத்தது. புகை குறைந்தது நல்லதுதான். ஆனால் வெட்டிப் போட்ட செம்பனைத் தண்டுகள் கிடந்து மக்கும்போது அவற்றுக்குள் இந்த வண்டு முட்டையிட்டுப் பெருகத் தொடங்கியது. மக்கிய தண்டு, வெறுங்குலைக் குவியல், ஆறிய சாணம் மூன்றும் அதற்கு ஒன்றுதான்.

இந்த வண்டைக் கொல்லும் ஒரு நச்சுயிரியைக் கண்டுபிடித்ததும் மலேசியாவில்தான். 1963-இல் ஹூகர் என்ற ஜெர்மானிய அறிவியலாளர் இங்கே நோயுற்ற புழுக்களில் அதைக் கண்டார். 1967-இல் அது சமோவா தீவுக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கே தென்னைகளைக் காப்பாற்ற உதவியது.

இங்கே ஓர் இடக்கு இருக்கிறது. 55 டிகிரியில் கொதிக்கும் குவியலில் வண்டின் புழு பிழைக்காது. ஆனால் எரு முதிர வேண்டும் என்று இரண்டு மாதம் ஆற விடுகிறோமே, அந்த இதமான சூடுதான் வண்டுக்கும் பிடித்த சூடு. சில்லென்று கிடக்கும் பழைய குவியலோ அதற்குப் பிரசவ ஆஸ்பத்திரி மாதிரி. அதற்காக முதிர்ச்சியைக் கைவிட வேண்டியதில்லை. முட்டையிலிருந்து வண்டாக ஏறக்குறைய ஆறு மாதம் ஆகிறது, சில சமயம் அதற்கு மேலும். மாதம் ஒரு முறை கிளறிப் பார்ப்பவரின் குவியலிலிருந்து ஒரு வண்டும் பறந்து போக முடியாது. ஆறும் குவியலை நெருக்கமான மீன் வலையால் மூடி, ஓரங்களில் கல் வைத்தால் பெண் வண்டு உள்ளே இறங்குவதும் குறையும்.

முதிர்ந்த எருவை ஆண்டுக்கணக்கில் குவித்து வைக்காமல் சலித்துச் சாக்கில் கட்டி, குவியல் கட்டிய தேதியையும் கடைசியாகச் சூடு பார்த்த தேதியையும் சாக்கில் எழுதி வைக்கலாம். கிளறும்போது கட்டை விரல் கனத்தில், வளைந்து, தலை மட்டும் பழுப்பாக இருக்கும் வெள்ளைப் புழு அகப்பட்டால் வீசிவிட வேண்டாம். கோழிக்குப் போட்டால் நொடியில் காணாமல் போய்விடும்.